எக்ஸ்ட்ரா பாயும் எண்ணெய் குளித்த ரம்பமும்

கெட்டுப்போன ஒரு பொருளை, அது கெடுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடுப்பதைப் பெரிய அவமானமாகக் கருதிய மெக்கானிக் இந்தப் பூவுலகில் ஒரே ஒருவர்தான். அவர் கண்ணமங்கலத்தில் கடை வைத்திருந்தார். ரிப்பேர் செய்த பொருளோடு, நாம் கேட்காத ஏதாவது ஒன்றையும் சேர்த்துத்தான் கொடுப்பார். கூலி ரிப்பேருக்கு மட்டும்தான். மற்றது அவருடைய அன்பளிப்பு. அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ட்ரா பாய். சொந்தப் பெயரைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

வாணியம்பாடியில் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தோல் பதனிடுவதிலும் ஏதோ எக்ஸ்ட்ரா செய்து பார்த்தாராம். அதன் பலனாகக் குடும்பத்தாரே அவரை அன்போடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டதாகக் கேள்வி.

எங்கள் பக்கத்துத் தபால்காரர் ஒருமுறை சைக்கிள் பிரேக்கை அவரிடம் சரிசெய்யக் கொடுத்தார். பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. ஆனால் பிடிக்கும்போதெல்லாம் பெல்லும் சேர்ந்து அடித்தது.

"இன்னா பாய் இது?"

"பிரேக்கு எப்ப போடுவ? குறுக்க ஆளு வந்தா. ஆளு வந்தா பெல் அடிக்கணுமா வேணாமா? ரெண்டு வேலைய ஒண்ணாக்கிட்டேன். போய்ட்டு வா."

அன்று முதல் மலைச்சரிவில் தபால்காரர் இறங்கும்போதெல்லாம், உற்சவமூர்த்தி புறப்பாடு என்று நினைத்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பஸ் நிற்கும் இடத்து டீக்கடை ஸ்டவ்வுக்கு அவர் ஒரு விசில் வைத்துக் கொடுத்தார். தண்ணீர் கொதித்தால் ஊதும். அது சரியாகக் கண்டக்டரின் விசில் போலவே ஊதியது. கண்டக்டர் டீயை ஆற்றிக்கொண்டிருக்க, ஸ்டவ்வின் உத்தரவுப்படி பஸ் வேலூருக்குப் புறப்பட்டுப் போனது உண்டு.

நானும் தப்பவில்லை. என் டைம்பீஸின் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார். காலையில் அலாரம் ஒழுங்காக அடித்தது. நிறுத்திவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தன்னந்தனியாக ஒரு 'டிங்'. சாவியையும் முள்ளையும் எப்படித் திருகினாலும் அந்த ஒற்றை 'டிங்' போகவில்லை. கேட்டதற்கு, "அலாரம் எழுப்பறதுக்கு. இது, எழுந்துட்டீங்களான்னு கேக்கறதுக்கு. உங்க மூஞ்சப் பாத்தேன், தேவைப்படும்னு தோணிச்சி கிளார்க் சார்" என்றார். மூஞ்சியைப் பற்றி அதற்குமேல் விவாதிக்க நான் விரும்பவில்லை.

அப்போது நான் பக்கத்து மலையடிவாரமான அமிர்தியில், வனத்துறையின் மரக்கிடங்கில் குமாஸ்தா. ஐரோப்பிய நாவல்களில் வரும் ஓக் மரங்களையும் பீச் மரங்களையும் நன்றாகத் தெரியும். உள்ளூர் மரம் எதுவானாலும், அது நாற்காலியான பிறகுதான் எனக்கு அறிமுகம். அந்தக் கிடங்குக்கு வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில், சீமையிலிருந்து ஒரு மோட்டார் ரம்பம் வந்து சேர்ந்தது. பெட்ரோல் ஊற்றிக் கயிற்றைச் சுண்டினால் உறுமும். இரண்டு ஆள் அரை நாள் அறுக்கிற கட்டையை வெற்றிலை போடும் நேரத்தில் துண்டாக்கும்.

அதை இயக்க, ஆபரேட்டர் என்று ஓர் உத்தியோகத்தையும் மேலிடம் ஏற்படுத்தியது. ரம்பம் இருக்கும்வரை உத்தியோகம். ரம்பம் போனால் உத்தியோகமும் போகும். அது வெள்ளையனுக்குக் கிடைத்தது. சாமைக் கொல்லையும் புளியமரமுமாக வாழ்ந்த மலைக்குடும்பம். அதுவரை கிடங்கில் தினக்கூலி. காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் பெண் வீட்டார் தை மாதத்தில் கல்யாணம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வெள்ளையன் அந்த ரம்பத்தைக் கன்றுக்குட்டி மாதிரி பார்த்துக்கொண்டான். தொல்லையே அதில்தான் வந்தது.

ஆயுத பூஜை வந்தது. அவரவர் அரிவாளையும் கோடரியையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். என் பேனாவுக்குக்கூட ஒரு பொட்டு கிடைத்தது. தன் ரம்பத்துக்கு வெறும் பொட்டு போதாது என்று வெள்ளையனுக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே அதற்கு நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டினான். குளிருக்கு நோவு வந்துவிடாமல் சாம்பிராணிப் புகையும் காட்டினான். டாங்கியில் பெட்ரோல் இல்லாத காரணத்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருக்கிறேன். ரேஞ்சர் உட்பட நாங்கள் எல்லோரும் கைகூப்பி நின்றோம்.

மறுநாள் காலை, பெட்ரோல் ஊற்றிக் கயிற்றைச் சுண்டினான். ரம்பம் இருமியது. பிறகு புகைக்குழாய் வழியாக நுரை கக்கியது. ஒரு வேகம் எடுத்து, 'ணங்' என்று ஒரு சத்தம் போட்டு, அடங்கிவிட்டது.

"சார், மூச்சு வுட மாட்டுது சார்!" என்று வெள்ளையன் அழுதேவிட்டான்.

கார்த்திகையில் மேலதிகாரி வருகிறார், ரம்பம் அறுப்பதைத் தம் கண்ணால் பார்ப்பார், ஓடாவிட்டால் கழித்துக் கட்டிவிடுவார் என்று ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. சீமையிலிருந்து சாமான் வருவதற்குள் வெள்ளையனுக்குப் பேரன் பிறந்துவிடுவான். உள்ளூரில் செலவு செய்யலாமென்றால், கிடங்குக்கு அனுமதிக்கப்பட்டவை துடைப்பமும் லாந்தர் திரியும்தான்.

"துடைப்பச் செலவுக்குள்ள முடிச்சிடுங்க," என்றார் ரேஞ்சர். அவ்வளவு சல்லிசாக வேலை செய்யக்கூடியவர் ஒருவர்தான். மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆள் அனுப்பினேன்.

எக்ஸ்ட்ரா பாய் வந்தார். ரம்பத்தைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, தீபாவளிக்கு முன்னாடியே எண்ணெ தேச்சி குளிப்பாட்டிட்டியா?"

"தெரியாம பண்ணிட்டேன் பாயி. என் பொழப்பு இதுலதான் கீது. தையில கண்ணாலம்."

"அழுவாத. மாப்ள அழுதா பொண்ணு வூட்ல இன்னா நெனப்பாங்க? இத முன்ன விட பெருசா ஓட வச்சித் தர்றேன்."

"பெருசாவெல்லாம் வேணாம் பாய்," என்று நான் குறுக்கிட்டேன். "முன்ன மாதிரியே ஓடினா போதும்."

பாதி இட்லி போதும் என்று சொல்லும் பசித்தவனைப் பார்ப்பதுபோல் அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கட்டையால் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். கீறல்களை உப்புத்தாளால் தேய்த்தார். உடைந்த ரிங்குக்குப் பதிலாக, காயலான் கடை மோட்டார் சைக்கிள் ஒன்றின் ரிங்கை வெட்டி, அரம் வைத்து ராவி ராவி, மோதிரம் செய்கிற ஆசாரிபோலக் கண்ணருகே தூக்கிப் பார்த்துச் சேர்த்தார். கார்புரேட்டருக்குள்ளே கிழிந்திருந்த சவ்வுக்கு வாணியம்பாடியிலிருந்து வெங்காயச் சருகு போன்ற ஆட்டுத்தோல் வந்தது. இற்றுப்போன கயிற்றுக்குத் தோல் வார். புகைக்குழாயின் ஓட்டை, பள்ளிக்கூடத்தில் காலியான பால் பவுடர் டப்பாவால் அடைபட்டது. புகை போகும் வழியையும் அகலப்படுத்தினார். "மூக்கடைப்பு இருந்திச்சி. தொறந்து வுட்டுட்டேன்" என்றார். எல்லாம் துடைப்பச் செலவுக்குள் அடங்கியது. அந்த வருஷம் கிடங்கைப் பெருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி வரும் நாள் காலையில்தான் ரம்பத்தோடு வந்து இறங்கினார். நான் அவரை ஓரமாக அழைத்துப்போனேன்.

"பாய், உண்மையைச் சொல்லுங்க. இதுல எக்ஸ்ட்ரா ஏதாவது...?"

"சின்னதுதான் சார். தம்பி வெரலப் பாத்தீங்களா? விசைய அழுத்திப் புடிச்சே கொப்பளிச்சி கீது. அதான் சைக்கிள் கேரியர் ஸ்பிரிங்குல ஒரு கிளிப்பு வச்சேன். ஒரு தடவ அழுத்தினா அதுவே புடிச்சிக்கும். புள்ளைக்கு வெரல் வலிக்காது."

எனக்கே மனது இளகிவிட்டது. கிடங்கு முற்றத்தில் போட்டிருந்த பந்தலில் அதிகாரி வந்து பெஞ்சில் அமர்ந்தார். வெள்ளையன் சாமியைக் கும்பிட்டுத் தோல் வாரைச் சுண்டினான். ஒரே சுண்டலில் ரம்பம் கர்ஜித்தது. பால் பவுடர் டப்பா வழியாக வந்த சத்தத்தில் பந்தல் துணி புடைத்தது. கட்டை இரண்டாக விழுந்தது. அதிகாரி கை தட்டினார். நான் மூச்சு விட்டேன்.

வெள்ளையன் விசையிலிருந்து விரலை எடுத்தான். ரம்பம் நிற்கவில்லை. கிளிப்பு பிடித்தது பிடித்தபடி நின்றது.

"பாய்! ஸ்விட்ச்சு எங்க?" என்று அவர் காதில் கத்தினேன்.

"அது எரிஞ்சி போய் இருந்திச்சி சார். வெரல எடுத்தா தானா அடங்குமே, ஸ்விட்ச்சு எதுக்குன்னு..." என்று தொடங்கியவருக்கு அப்போதுதான் தன் கிளிப்பு நினைவுக்கு வந்தது. "யா அல்லா!"

முழு வேகத்தில் ஓடும் ரம்பத்தைக் கீழே வைக்க முடியாது; சும்மா கையில் பிடித்துக்கொண்டும் நிற்க முடியாது. அறுப்பது ஒன்றே வழி. வெள்ளையன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டையை அறுத்தான். அதற்கடுத்ததை அறுத்தான். அடுக்கியிருந்த கட்டைகள் தீர்ந்தன. அதிகாரி மரியாதையாக எழுந்து நிற்க, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சு இரண்டானது.

"பாயி, வுட மாட்டுது பாயி!"

"வுடாத தம்பி! பெட்ரோலு கம்மியாதான் ஊத்தினேன்! இன்னும் கொஞ்சந்தான்!" என்று அலறியபடி எக்ஸ்ட்ரா பாய் பின்னாலேயே ஓடினார்.

"அவர்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள்?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"உற்சாகப்படுத்திக்கொள்கிறார்கள் சார்," என்றேன்.

வாசலில் குறுக்கே கட்டியிருந்த மூங்கில் தடுப்பும் விழுந்தது. அதிகாரி கண் கொட்டாமல் பார்த்தார். "இந்த ஆள் ஓய்வே எடுக்க மாட்டானா?"

ரேஞ்சர் விறைப்பாக நின்று, "டியூட்டி நேரத்தில் எடுக்க மாட்டான் சார்," என்றார்.

வாசலுக்கு வெளியே இருந்த பட்டுப்போன புளியமரத்தில் பாதி அறுத்திருக்கும்போது பெட்ரோல் தீர்ந்து ரம்பம் அடங்கியது. அந்த நிசப்தத்தில் வெள்ளையன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அதிகாரி அவன் தோளில் தட்டினார். இத்தனை ஈடுபாடுள்ள ஊழியரைத் தம் சர்வீசில் பார்த்ததில்லை என்றார். ரம்பம் இருந்தாலும் போனாலும் இவன் உத்தியோகம் நிரந்தரம் என்று அங்கேயே உத்தரவிட்டுவிட்டு ஜீப் ஏறினார்.

எக்ஸ்ட்ரா பாய் தலை குனிந்தபடி ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அவரை முதன்முறையாக அப்படிப் பார்த்தேன். "குடு தம்பி. அந்தக் கிளிப்ப எடுத்துடறேன்."

வெள்ளையன் ரம்பத்தை மடியில் அணைத்துக்கொண்டான். "ஸ்விட்ச்சு மட்டும் வச்சிக் குடு பாயி. கிளிப்பு இருக்கட்டும். என் வெரலப் பாத்து நீ வச்சது."

பாய் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

தை மாதக் கல்யாணத்துக்கு அவர் ஒரு லாந்தர் பரிசளித்தார். அதில் என்ன எக்ஸ்ட்ரா என்பதைப் புதுத் தம்பதிகள் கடைசிவரை வெளியே சொல்லவில்லை.

அமிர்தியை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. என் டைம்பீஸைப் பார்த்த வாட்ச் ரிப்பேர்காரர்கள் எல்லோரும் அந்த ஒற்றை 'டிங்'கை எடுத்துவிடலாம் என்கிறார்கள். என் மனைவி, டைம்பீஸையே எடுத்துவிடலாம் என்கிறாள். இன்று காலையும் அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'டிங்'.

"எழுந்துட்டேன் பாய்," என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் படுத்தேன்.