கணபதி மாஸ்டரின் விபத்தில்லாத் துவக்கு வகுப்பு

துவக்கு என்ற துப்பாக்கியை மனிதன் கண்டுபிடித்த நாளிலிருந்து, அதைப் பாதுகாப்பாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த வகுப்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது 2006ஆம் ஆண்டு, வன்னியில் அக்கராயனுக்கு அப்பால் பத்தாம் வாய்க்கால் பொதுநோக்கு மண்டபத்தில், கணபதி மாஸ்டரால் நடத்தப்பட்டது.

நம்பாதவர்களுக்காகவே வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெயின்ரில் எழுதி, எண்ணை மட்டும் வெண்கட்டியால் தினமும் மாற்றுவார்கள். எண் நூறானதும் கிளிநொச்சியிலிருந்து இயக்கத்துப் ‘பெரியவர்’ ஒருவர் வந்து மாஸ்டருக்குச் சான்றிதழ் கொடுப்பதாக ஏற்பாடு.

இந்தப் பெருமையில் வீரையாவுக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கு ஒருவர் வகுப்புக்கு வரவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது ஐம்பத்திரண்டு வயது, இடுப்பில் நாரிப்பிடிப்பு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்து, காடு வெட்டி இரண்டு ஏக்கர் வயலாக்கிய மனிதர். மண்வெட்டி பிடிப்பார், துவக்குப் பிடித்தறியார். அதனாலென்ன, வகுப்பிலும் துவக்கு இல்லை. ஆளுக்கொரு கொட்டன் தடி கொண்டுவரச் சொன்னார்கள். வீரையா மண்வெட்டிப் பிடியைக் கழற்றிக்கொண்டு போனார்.

மாஸ்டரின் பாதுகாப்பு முறைக்கு ஏழு படிகள். ஆறாவது படி, உள்ளே ரவை இல்லை என்று பார்த்து நிச்சயிப்பது. ஏழாவது, விசையை இழுத்துத் துவக்கு வெறுமை என்று சபைக்குக் காட்டுவது. மண்வெட்டிப் பிடிக்குள் எதைப் பார்ப்பது? ஆகவே ஆறாவது படியில் எல்லாரும் “பார்த்தாச்சு!” என்று ஒரே குரலில் கத்துவார்கள். யார் பலமாகக் கத்துகிறாரோ அவர் கெட்டிக்காரர். தொண்ணூற்றிரண்டு நாளும் வீரையாதான் முதல். ஒரு கொட்டனும் வெடிக்கவில்லை.

தொண்ணூற்றுமூன்றாம் நாள் மாஸ்டர் ஒரு நிசத் துவக்கைக் கொண்டுவந்தார். விழாவுக்கு முன் மாணவர்கள் கண்ணாலாவது காணட்டும் என்ற பெருந்தன்மை. படிகளைத் தானே செய்து காட்டினார். ஆறாவது படியில் நெஞ்சை நிமிர்த்தி, “பார்த்தாச்சு!” என்று கத்தினார். பழக்கம் விடுமா? ஏழாவது படியில் மண்டபம் அதிர்ந்தது.

முன்வரிசையில் குந்தியிருந்த வீரையா தன் வலது முழங்காலைப் பார்த்தார்.

“மாஸ்டர், நம்ம கால்ல பட்டிருச்சுங்க.”

மாஸ்டர் பார்த்தது காலை அல்ல, பலகையை. “ஒருத்தரும் பதறவேண்டாம். எண்ணில ஒருத்தரும் கைவைக்கவேண்டாம்!”

ஆஸ்பத்திரியில் டொக்டர் கட்டுப்போட்டுவிட்டு, “மூட்டுக்குள்ள ரவை நிக்குது. ஒரு கிழமைக்குள்ள, ஏழே நாளில, வவுனியாவில எடுத்தால் கால் தப்பும்” என்றார். வவுனியாவுக்குப் போக ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்டவேண்டும். இயக்கத்தின் பிடியிலிருந்த வன்னியிலிருந்து ரவைக் காயத்தோடு போகிறவனை ஆமிக்காரன் கோப்பி கொடுத்தா அனுப்புவான்? இவர் விவசாயி, வெடிவிபத்தில் காயப்பட்டவர் என்று ஊர்ச் சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால் ஆள் தப்பலாம்.

மனைவி மீனம்மா அவரை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கிடத்தி நேரே மண்டபத்துக்குக் கொண்டுவந்தாள். வீரையா பெட்டிக்குள் கிடந்தபடி, தன் காலைப் பற்றிய ‘அவசரக் கூட்டத்தை’ யன்னல் வழியாகக் கேட்டார். காலில்லாதவன் சேற்றுக்குள் எப்படி இறங்குவான்?

“விபத்தெண்டால் எதிர்பாராமல் நடக்கிறது” என்றார் மாஸ்டர். “விசையை இழுத்தால் துவக்கு வெடிக்கும். இது எதிர்பாராததோ? சின்னப்பிள்ளைக்கும் தெரிஞ்ச விசயம். ஆகவே இது விபத்தில்லை.”

“அப்ப தெரிஞ்சேதான் சுட்டீங்களா?” என்றாள் மீனம்மா.

“சீ, என்ன கதை கதைக்கிறியள்! அதுவுமில்லை.”

சங்கச் செயலாளர் கமலாட்சி பேனையைக் கடித்தபடி யோசித்தார். முத்திரை அவரிடம்தான் இருந்தது. முகம் மலர்ந்தது. “செய்முறை விளக்கம்!” என்றார். சபை கைதட்டியது. உடனே கடிதமும் தயாரானது: ‘திரு. வீரையா அவர்கள் ஆயுதச் செய்முறை விளக்கமொன்றில் முன்வரிசையில் பங்குபற்றினார்.’

“ஐயோ, இத ஓமந்தையில காட்டினா அவர உள்ள போட்டுருவாங்களே!” மீனம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “‘விபத்து’ன்னு ஒரு வார்த்தை போடுங்கம்மா. கும்பிடுறேன்.”

“அந்தச் சொல்லுப் போட்டால் பலகையில பூச்சியம் போடவேணுமே, அக்கா. இன்னும் ஏழு நாள்தான். நூறாம் நாள் விழா முடியட்டும், அடுத்த நாளே எழுதித் தாறன்.”

பெரியவருக்கு வேறு அலுவல் வந்ததால் விழா ஆறு கிழமை தள்ளிப்போனது. கால் தள்ளிப்போகச் சம்மதிக்கவில்லை. பழுத்தது. எட்டாம் நாள் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். பலகையில் அன்று சரியாக நூறு.

விழா நாளன்று எண் நூற்றுநாற்பத்திரண்டு. பெரியவர் அரைமணி நேரம் மாஸ்டரைப் புகழ்ந்தார். பிறகு மாஸ்டர், ‘வகுப்பின் சிறந்த மாணவர்’ ஏழு படிகளையும் செய்து காட்டுவார் என்று அறிவித்தார். வீரையா மேடையேறினார். துவக்காக இருந்த மண்வெட்டிப் பிடிதான் இப்போது ஊன்றுகோல். மீனம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அதைத் தூக்கினார். ஐந்து படிகள் குறையின்றி முடிந்தன. முனை மெதுவாகத் திரும்பி மாஸ்டரின் முழங்காலுக்கு நேரே நின்றது.

“பார்த்தாச்சு!” என்று கத்தினார் வீரையா.

“ஐயோ!” மாஸ்டர் மேசைக்குக் கீழே பாய்ந்தார். மேசைக்கால் நெற்றியில் மோதியது.

“கொட்டன்தானுங்க மாஸ்டர்” என்றார் வீரையா. “இதுக்கே இப்பிடிப் பயந்தா, அன்னிக்கு நெசத் துவக்கத் தெறந்து பார்க்காம எப்பிடிங்க இழுத்தீங்க?”

மாஸ்டரின் நெற்றியில் ஒரு சொட்டு இரத்தம். கமலாட்சி பதறி ஓடிப்போய்ப் பலகையை அழித்துப் பூச்சியம் போட்டார். அங்கேயே மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதி முத்திரையும் குத்தினார்: ‘இவர் விபத்தில் காயமடைந்தவர்.’ எல்லாம் ஐந்து நிமிடம்.

இன்றைக்கும் சங்கத்துப் பதிவைப் புரட்டினால், அந்த வகுப்பில் விபத்துக்குள்ளானவர் ஒரேயொருவர்தான் என்று இருக்கும். அவருடைய நெற்றி ஒரு கிழமையில் ஆறிவிட்டது.