பதினைந்து அங்குலக் கம்பீரம்

மனித குலத்தின் வரலாற்றைச் சக்கரத்துக்கு முன், சக்கரத்துக்குப் பின் என்று பிரிப்பவர்கள் உண்டு. எங்கள் குடும்பத்தின் வரலாறு அவ்வளவு எளிமையானதல்ல. அதைப் பதிமூன்று அங்குலத்துக்கு முன், பதினைந்து அங்குலத்துக்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும். அந்த இரண்டு அங்குலத்தை எங்களுக்கு அருளியவர் என் அண்ணன். அந்தப் பொற்காலத்தை எழுத்தில் பதிவு செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

என் தகுதியைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் ஓர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். பத்துப் பேர் இரண்டு மணி நேரம் மேசையைத் தட்டிச் சண்டை போட்டதை 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று முடிப்பேன். யாராவது முகம் சிவந்து எழுந்து போனால் 'விடைபெற்றார்' என்பேன். யாரும் வாய் திறக்காவிட்டால் 'ஆட்சேபம் இல்லை'. இந்தக் கடைசி வாசகத்தை நான் எழுதும் அழகுக்காகவே எனக்கு ஒரு முறை பாராட்டுக் கடிதம் வந்தது.

அண்ணன் வேறோர் அலுவலகத்தில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறார். 'பயனுள்ள கூட்டம் நடத்துவது எப்படி' என்று இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூட்டம். இடம் மாடி அறை. அங்கேதான் வெள்ளைப் பலகை மாட்டச் சுவர் இருந்தது. தலைவர் அண்ணன், செயலாளர் நான், உறுப்பினர்கள் அண்ணியும் அப்பாவும். அண்ணிக்கு மருந்துக் கடையில் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் துணி துவைக்க நேரம், அது ஞாயிறு. ஆகவே அவர் ஈரக் கையோடு கதவருகே நின்றபடி கலந்துகொள்வார்.

அப்பா தராசு பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் குள்ளம், பேச்சும் அதே அளவுதான். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சின்னக் கார் அவருடையது. முழங்காலில் அறுவை செய்த பிறகு சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு அவரை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். முன் இருக்கையைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டி உட்கார வைத்தால் பத்தே நிமிடத்தில் போய்விடலாம். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "முதல் மூணு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள கால் எவ்வளவு மடங்குதோ அவ்வளவுதான். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் மடங்காது."

ஐந்தாம் வாரம் முழங்கால் எண்பத்தைந்து டிகிரி மடங்கியது. அப்பா அன்று வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே மூன்று முறை மடக்கிக் காட்டினார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு திட்டமிடல் அதிகாரி சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடிய நிலைமை அல்ல அது.

அந்த வாரம் அண்ணனின் அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் ஒரு துயரச் சம்பவம் நடந்தது. எங்கள் காருக்கு இருபுறமும் இரண்டு பெரிய வண்டிகள் வந்து நின்றன. மாலையில் அண்ணன் காரைக் காணாமல் காவலாளியிடம் புகார் செய்தார். காவலாளி குனிந்து பார்த்து, "இதோ இருக்கே சார், கீழ" என்றார். அந்தக் 'கீழ' என்ற சொல் அண்ணனை மிகவும் பாதித்தது.

ஞாயிறு கூட்டத்தில் பலகையில் ஒரே ஒரு சொல் எழுதினார்: கம்பீரம்.

"அந்த வண்டிக்கு இப்ப என்ன குறைச்சல்?" என்றார் அண்ணி கதவருகிலிருந்து.

"உயரம்."

"மாமாவைக் கூட்டிட்டுப் போகத்தானே வண்டி? அதுக்கு இந்த உயரம் போதாதா?"

"இது ஒரு பார்வை. வேற பார்வைகளும் இருக்கு," என்றார் தலைவர். அண்ணியின் கருத்து 'குறித்துக்கொள்ளப்பட்டது'. பதிமூன்று அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினைந்து அங்குலத்தில் பெரிய டயர் மாட்டும் தீர்மானம் நிறைவேறியது. அப்பா எதுவும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல் 'உறுப்பினர் அப்பா: ஆட்சேபம் இல்லை' என்று எழுதினேன்.

டயர் கடைக்காரர் முன்னேற்றத்தில் நம்பிக்கை இல்லாதவர். காரைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், இது இந்த வண்டிக்கு உண்டான சைஸ் இல்ல. ரிம்மையும் மாத்தணும். மாத்தினாலும் ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பினா உள்ள உரசும்."

"அப்ப ஒடிச்சுத் திருப்ப வேண்டாம்," என்றார் அண்ணன்.

"வளைவு வந்தா?"

"வளைவு இல்லாத ரோட்டுல போறோம்."

"ஸ்பீடு மீட்டரும் தப்பாக் காட்டும் சார். அது அறுபதுன்னு சொன்னா நீங்க அறுபத்தாறுல போயிட்டிருப்பீங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ. ஆறு கிலோமீட்டர் கூடுதல் வேகம், இலவசம்."

கடைக்காரர் என்னையும் என் குறிப்புப் புத்தகத்தையும் பார்த்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஜாக்கியை எடுத்தார். ஸ்பிரிங்குகளுக்குக் கட்டை வைத்துக் காரைத் தூக்கினார். இடப்பக்கம் திருப்பினால் உரசல் நின்றது. வலப்பக்கம் திருப்பினால் மட்டும் இடது முன் சக்கரம் 'கர்ர்' என்றது. "ஐம்பது சதவீத வெற்றி," என்றார் அண்ணன். இதற்கெல்லாம் ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்துப் பயிற்சிகள் இரண்டும் 'நிர்வாகக் காரணங்களுக்காக' ஒத்திவைக்கப்பட்டன.

கார் வீட்டு வாசலில் வந்து நின்ற கோலத்தை என்னவென்று சொல்வேன்! சின்னக் குழந்தை அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வழக்கம்போல் இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று உட்காரப் போனார். இருக்கை அவருக்கு எட்டவில்லை. இரண்டாம் முறையும் முயன்றார். பிறகு சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அளவு சரியில்ல," என்றார்.

அளவோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர் அவர். அண்ணன் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். மாடியில்தான். தச்சரிடம் சொல்லி இரண்டு படி வைத்த மரப்பெட்டி ஒன்று செய்வதென்று முடிவாயிற்று. பெட்டி பிரமாதமாக வந்தது. அப்பா அதில் ஏறிக் கார் இருக்கையில் உட்கார்ந்தே விட்டார். அந்த ஒரு நிமிடம் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் பெட்டியும் கூடவே போக வேண்டும் அல்லவா? அங்கே போய் இறங்க வேண்டுமே. டிக்கியில் வைத்தோம். டிக்கி நிறைந்துவிட்டது. அங்கே இருந்த வாக்கரைப் பின் இருக்கைக்கு மாற்றினோம். அடுத்து ஸ்டெப்னி. பழைய சின்ன ஸ்டெப்னி போதாதா என்று அண்ணி கேட்டார்.

"நாலு சக்கரம் ஒரு அளவு, அஞ்சாவது வேற அளவா? வழியில பஞ்சர் ஆனா வண்டி ஒரு பக்கமா நொண்டும்," என்றார் அண்ணன்.

"இப்ப வீட்டுல ஒருத்தர் நொண்டறது தெரியலையா?"

இதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது. புதிய ஸ்டெப்னி, டிக்கிக்கு அடியிலுள்ள குழியில் இறங்க மறுத்தது. எனவே அதைப் பின் இருக்கையின் நடுவில் நிறுத்தி, உருளாமல் இருக்க பெல்ட் போட்டோம். எங்கள் காரில் முதன்முதலாக ஒழுங்காக பெல்ட் போட்டுப் பயணம் செய்த உறுப்பினர் அதுதான்.

மிச்சம் இருந்தது முன் இருக்கை. அதற்குத்தான் அண்ணன் ஒரு பதவியை உருவாக்கினார். இடது முன் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, உரசல் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கவனிக்கும் 'ஒலிக் கண்காணிப்பாளர்'. பொறுப்பான, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். வீட்டில் அப்படிப்பட்டவன் நான் ஒருவன்தான். பணிவோடு ஏற்றுக்கொண்டேன்.

இப்படியாக அப்பாவின் படி ஏறியது, அப்பாவின் வாக்கர் ஏறியது, அப்பாவின் பயிற்சி அட்டை ஏறியது. அப்பாவுக்கு மட்டும் இடம் இல்லை.

"ஒரு டாக்ஸி வெச்சுக் கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டார் அண்ணி.

"வாசல்ல இவ்வளவு கம்பீரமா ஒரு வண்டி நிக்கும்போது டாக்ஸியா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அடுத்த வாரம் எல்லாம் செட் ஆயிடும். முதல்ல பாதையைச் சோதிச்சுக்குவோம்."

செவ்வாய் காலை சோதனை ஓட்டம் கிளம்பினோம். வலப்பக்கம் திரும்பினால் உரசும் என்பதால் இடப்பக்கத் திருப்பங்கள் மட்டுமே கொண்ட ஒரு பாதையை அண்ணன் வரைந்திருந்தார். வலப்பக்கம் போக வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை இடப்பக்கம் திரும்பினோம். பத்து நிமிட வழி ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஒரே பேப்பர் கடையை நான்கு தடவை கடந்தோம். நான்காம் தடவை கடைக்காரர் கையசைத்தார். உரசல் சத்தம் துளியும் இல்லை. 'உரசல்: இல்லை' என்று திருத்தமாக எழுதினேன்.

பிசியோதெரபி நிலையத்தில் அட்டையை நீட்டினோம். பயிற்சி கொடுக்கும் பெண் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பேஷன்ட் எங்க?"

"வீட்டுல இருக்கார்," என்றார் அண்ணன். "வண்டி வந்திருக்கு."

"வண்டிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லா வந்துச்சு."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சார், அவர் காலை விடாம மடக்கணும். ஒரு வாரம் விட்டாலே இறுகிடும். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க."

"குறிச்சுக்கோ," என்றார் அண்ணன் என்னிடம். குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமையும் போனோம். அதற்கடுத்த செவ்வாயும் போனோம். பேஷன்ட் எங்கே என்று அந்தப் பெண் கேட்கும்போதெல்லாம், வண்டியில் இடம் இல்லை என்று சொன்னோம். பாதையில் ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் மிச்சம் பிடித்தார் அண்ணன். பத்து கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் ஒன்பது என்றே காட்டியதால், கார் களைப்படைவதும் குறைந்துவிட்டது என்றார். வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து, தானாகவே காலை மடக்கப் பார்ப்பார். வலி வந்ததும் விட்டுவிடுவார். நாங்கள் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பார். 'உறுப்பினர் அப்பா: ஆட்சேபம் இல்லை.'

நான்காம் வாரத்து வெள்ளிக்கிழமை. நாற்பத்தொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். புதிய சாதனை. அண்ணன் என் கையைக் குலுக்கினார். உள்ளே போனால் பயிற்சிக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். பக்கத்தில் அண்ணி.

"எப்படி வந்தீங்க?" என்றார் அண்ணன்.

"டாக்ஸியில. பத்து நிமிஷம்," என்றார் அண்ணி. "ரைட்டுல கூடத் திரும்பிச்சு."

அந்தப் பெண் அப்பாவின் முழங்காலில் கோணம் அளக்கும் அளவுகோலை வைத்து மெல்ல மடக்கினார். கால் பாதியில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்பா கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் முட்டியது. அதைக் குறிப்பில் எந்தச் சொல்லால் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"போன மாசம் எண்பத்தஞ்சு," என்றார் அந்தப் பெண். "இன்னிக்கு அறுபத்திரண்டு. டாக்டர் சொன்ன கெடுவுல இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. என்னால முடிஞ்சதைப் பண்றேன். பழையபடி வரும்னு வாக்கு குடுக்க முடியாது."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதை முதல் பொருளா எடுத்துக்கலாம்."

"இப்பவே எடுத்துக்கலாம்," என்றார் அப்பா. "இங்க மாடி இல்ல. நானும் கலந்துக்க முடியும்."

நான் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தேன்.

"புத்தகத்தைப் படிடா," என்றார் அப்பா. "என்னைப் பத்தி எழுதினதை மட்டும் படி."

படித்தேன். முதல் தீர்மானம், ஆட்சேபம் இல்லை. மரப்பெட்டி, ஆட்சேபம் இல்லை. ஸ்டெப்னி, ஆட்சேபம் இல்லை. சோதனை ஓட்டங்கள் ஏழு, ஆட்சேபம் இல்லை.

"இதெல்லாம் நான் யார்கிட்ட சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லலைப்பா. அதனால..."

"மாடியில பேசினதுக்குக் கட்டில்ல கிடக்கிறவன் எப்படிடா பதில் சொல்லுவான்?"

அந்தப் பெண் அளவுகோலை உறையில் போட்டபடி என்னைக் கேட்டார். "வண்டியில இடம் இல்லைன்னுதானே ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க? அப்ப நீங்க எப்படி சார் வந்தீங்க?"

"முன் சீட்டுல. டயர் உரசற சத்தத்தைக் கேக்கறதுக்கு."

"எப்ப உரசும்?"

"ரைட்டுல திரும்பினா."

"ரைட்டுல திரும்பினீங்களா?"

"இல்ல. ஒரு தடவை கூட இல்ல."

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டிகளுக்கு நடுவில் அது நன்றாகவே உயர்ந்து தெரிந்தது. அண்ணி எதுவும் சொல்லவில்லை. அதை நான் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதத் துணியவில்லை.

அப்பா அண்ணி கையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது.

"இப்ப எழுது," என்றார். "நாலு வாரம் என் சீட்டுல சும்மா உக்காந்துட்டு வந்தவன் யாரு? அவன் பேரை எழுது."

எழுதினேன். கீழே, 'செயலாளர் கையொப்பம்' என்ற இடத்திலும் அதே பெயரையே எழுத வேண்டியிருந்தது.