தராசரின் துவக்கு

போன வருடம் ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலையில் சாமிக்குப் பூ ஆய்ந்தேன். சவரம் செய்தேன். பாணும் சம்பலும் சாப்பிட்டுப் புத்தூர்ச் சந்தியில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்துக் கந்தோரில் முதல் நாள் விட்ட கோப்பிலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். பின்னேரம் வீடு திரும்பிக் கால் முகம் கழுவி, தேநீரோடு பின்வளவில் நின்றபோது, பக்கத்து மதிலுக்கு மேல் ஒரு தலை எழுந்தது.

"தம்பி, ஆறு காணுமோ, பதினைஞ்சு வேணுமோ?"

வேறு யாராவது கேட்டிருந்தால் இடியப்பக் கணக்கு என்று நினைத்திருப்பேன். கேட்டவர் தராசர். ஆகவே அது குண்டுக் கணக்கு.

வெடிச்சத்தத்துக்கு நடுவே முப்பது வருடம் சீவித்த ஊர் எங்களுடையது. துவக்கு, துப்பாக்கி என்ற சொற்களைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற சனம். எல்லாம் ஓய்ந்து, கதவுகளைத் திறந்து வைத்திருக்கப் பழகிய பிறகு, தன் வீட்டுக்கு ஒரு கைத்துவக்குத் தேவை என்று புறப்பட்டவர் இந்தக் குடாநாட்டிலேயே தராசர் ஒருவர்தான்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்ததால் வந்த பெயர் அது என்று நினைப்பவர்கள் அவரோடு பழகாதவர்கள். எதையும் இன்னொன்றோடு நிறுத்துப் பார்க்காமல் அவர் வாங்குவதில்லை. மேசைக் காற்றாடியா, சுவர்க் காற்றாடியா என்று ஒரு கோடை முழுவதும் யோசித்தார். முடிவுக்கு வந்தபோது மாரி தொடங்கிவிட்டது. பசு வாங்கப் போன இடத்தில் இரண்டு பசுக்களின் பாலிலும் தனித்தனியாகத் தேநீர் போடுவித்துக் குடித்தார். மூன்றாம் நாளும் போனபோது பசுக்காரர் வீட்டில் தேயிலை முடிந்திருந்தது.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே முன்பு இருந்தது கிளுவை வேலி. அதில் ஒரு பொட்டு இருந்தது. ஒருவர் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. கறிக்கிண்ணம் போவதும் கறிவேப்பிலை வருவதும் அந்தப் பொட்டால்தான். வேலியா மதிலா என்று தராசர் இரண்டு வருடம் ஆராய்ந்து, ஐந்து வருடத்துக்கு முன் மதில் என்று தீர்த்தார். பொட்டு போய்விட்டது. பிறகு மதிலின் மேல் பதிப்பதற்குப் பச்சைப் போத்தலா, மண்ணிறப் போத்தலா கூராக உடையும் என்று பார்த்து, முடிவுக்கு வர முடியாமல் இரண்டையும் மாறி மாறிப் பதித்தார். ஓரிடத்தில் மட்டும் கண்ணாடி இல்லை. என்னோடு கதைப்பதற்காக அவர் விட்டுவைத்த இடம் அது. தன் பக்கத்தில் ஒரு சீமெந்துக் கல்லைப் போட்டு அதில் ஏறி நிற்பார். எனக்குத் தாடைவரை தெரியும். மதில் எழும்பிய நாளிலிருந்து தராசர் எனக்குப் பெரும்பாலும் ஒரு தலைதான்.

துவக்கு விஷயம் மட்டும் சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. அவருடைய இருதயத்தில் அடைப்பு. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், பிந்தினால் ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகள் கொழும்பில் இருப்பதால் தங்குவதற்கும் பார்ப்பதற்கும் குறையில்லை. ஆனால் இரண்டு தரம் நாள் குறித்தும் தராசர் போகவில்லை. காரணம் அவருடைய மனைவி. நாங்கள் அவரை அக்கா என்போம். அக்காவுக்கு முழங்காலிலும் விரல்களிலும் வாதம். போதாததற்குக் கன்று போட்ட பசு. அக்காவும் கூடக் கொழும்புக்குப் போக வழியில்லை. எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போன கள்ளர் அப்போது பிடிபட்டிருக்கவுமில்லை.

"இவவைத் தனிய விட்டிட்டு நான் அங்கை மயக்க மருந்திலை கிடக்கிறதோ?" என்றது மதில்மேல் தலை. "வீட்டிலை ஒரு துவக்கு இருக்கட்டும். பிறகு வெட்டுறவை வெட்டட்டும்."

"நாங்கள் பக்கத்திலைதானே அண்ணை இருக்கிறம். நாங்கள் பாப்பம்."

"எப்பிடிப் பாப்பாய்? மதிலுக்கு மேலாலை எட்டியோ?"

"மதிலைக் கட்டினது ஆர்?"

"உது வேறை கதை," என்று தலை இறங்கிவிட்டது.

இளைப்பாறிய சங்கக்கடை மனேச்சருக்குக் கைத்துவக்கு லைசென்ஸ் கொடுக்க எந்த அரசாங்கமும் ஆயத்தமாக இல்லை என்பதை நான் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எது வேணுமெண்டே தெரியாமல் போய்க் கேட்டால் எங்களை என்னெண்டு மதிப்பினம்? முதல் முடிவு. பிறகுதான் லைசென்ஸ்."

முடிவுக்கான வேலை மாதக்கணக்கில் நடந்தது. கனடாவிலுள்ள மகன் அனுப்பிய ரப்லெற்றின் திரையில், காதை மூடிக்கொண்டு கடதாசி மனிதர்களைச் சுடும் வெள்ளைக்காரர்களை அவர் பார்த்தார். பார்த்ததை என்னிடம் மதிலுக்கு மேலால் விளக்கினார்.

"ரிவோல்வர் பழைய சங்கக்கடைத் தராசு மாதிரி, தம்பி. பாரம்தான், ஆனால் பழுதாகாது. மேசை லாச்சியிலை வருசக்கணக்காக் கிடந்தாலும் எடுத்த உடனை வேலை செய்யும். ஒரு குண்டு வெடிக்காட்டில் திருப்பி விசையை இழு. உருளை சுத்தி அடுத்தது வந்து நிக்கும். பிஸ்ரல் எலெக்ரோனிக் தராசு. மெல்லிசு, வடிவு, பிடிக்குள்ளை பதினைஞ்சு போகும். ஒண்டு வெடிச்சால் மற்றது தானாய் ஏறும். ஆனால் ஊத்தை பிடிச்சால் இறுகும். முதல்லை மேல்தகட்டைப் பிடிச்சுப் பின்னாலை இழுத்து விடவேணும். சிலதிலை பூட்டு ஒண்டும் இருக்கு, அதையும் தட்டவேணும். அதுமட்டும் கள்ளன் பாத்துக்கொண்டு நிப்பானோ?"

"அப்ப ரிவோல்வரை எடுங்கோ."

"கள்ளர் ஏழு பேர் வந்தால்?"

"அப்ப பிஸ்ரல்."

"இவவாலை அதை இழுக்க ஏலுமோ?"

நான் என் வாழ்நாளில் கைத்துவக்கைத் தொட்டதில்லை. இருந்தும் அந்த ஆவல் எனக்கும் தொற்றிவிட்டது. கந்தோரில் ஒருவர் குடையை விரிப்பதைப் பார்த்தால், அந்த மேல்தகட்டை இழுக்க இவ்வளவு பலம் வேண்டுமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்திருந்தேன். சுன்னாகத்தில் இளைப்பாறிய பொலிஸ் சார்ஜன்ற் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவரிடம் போனோம்.

"ஐயா, உங்கடை சேவிஸ் முழுக்க உங்களுக்குக் கூட உதவினது எது? ரிவோல்வரோ, பிஸ்ரலோ?"

சார்ஜன்ற் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "விசில்."

திரும்பி வரும் வழியில் தராசர் சந்தி தாண்டிய பிறகு, "விசிலிலை எத்தினை வகை இருக்கெண்டு கேக்க மறந்திட்டன்," என்றார்.

அடுத்து அக்காவின் கைகளைச் சோதித்தார். பிஸ்ரலின் மேல்தகட்டுக்குப் பதிலாகக் குசினிக் கதவின் இறுகிய தாழ்ப்பாள். "இதை ஒரே இழுவையிலை இழுத்துக் காட்டும் பாப்பம்."

அக்கா இழுத்தார். தாழ்ப்பாள் அசையவில்லை. "இதுக்கு எண்ணெய் விடச்சொல்லி எத்தினை வருசமாச் சொல்லுறன்? எண்ணெய் விடாமல் வைச்சிட்டு இப்ப எனக்குச் சோதினையோ?"

பிஸ்ரல் தவறியது. ரிவோல்வரின் விசை பாரமானது என்பதற்காக ஒரு பை அரிசியைக் கயிற்றில் கட்டி அக்காவின் சுட்டுவிரலில் தொங்கவிட்டார். விரல் வீங்கி, அன்று இரவு தராசரே புட்டு அவிக்க நேர்ந்தது. ரிவோல்வரும் தவறியது. தராசு மறுபடி நடுவில் நின்றது.

"நான் சுட்டால் அவன் செத்துப்போவான், என்ன?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். "பிறகு அவன்ரை தாய்க்கு ஆர் போய்ச் சொல்லுறது? நீங்களோ?" தராசர் நாள் முழுவதும் மதிலடிக்கு வரவில்லை.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மூன்றாம் முறையாக நாள் குறித்திருந்தார்கள். புதன் இரவு பஸ் ஏறியாக வேண்டும். இதையும் விட்டால் இனித் தன்னிடம் வர வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். 'ஆறு காணுமோ' என்று கேட்ட தலை, நான் பதில் சொல்லுமுன் மரத்தால் செய்த இரண்டு துவக்குகளை மதிலுக்கு மேல் தூக்கிக் காட்டியது. முருங்கை மரத்தில் அவரே செதுக்கியவை. ஒன்றில் உருளை இருந்தது, மற்றது தட்டை.

"இண்டைக்கு முடிவு. ரெண்டையும் குசினி மேசையிலை வைக்கிறன். நீதான் கள்ளன். துவாயாலை முகத்தைக் கட்டிக்கொண்டு குசினிப் பக்கத்தாலை வா. இவவின்ரை கை எதுக்குப் போகுதோ அதுதான் சரி. நான் மாட்டுக்கொட்டிலடியிலை நிண்டு பாப்பன்."

"அப்பிடியெண்டால் நாளைக்குக் கொழும்புக்குப் போவியளோ?"

"சத்தியமாப் போவன்."

அந்த ஒரு சொல்லுக்காக நான் கள்ளன் ஆனேன்.

எங்கள் வாசல் படலை ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில். அவர்களுடையது பின்னால் உள்ள அடுத்த ஒழுங்கையில். பொட்டு இருந்த காலத்தில் நாலு எட்டு நடை. இப்போது றோட்டுக்குப் போய் வளைந்து வர வேண்டும். வந்து சேர்ந்து, துவாயை முகத்தில் கட்டி, படலையைத் தள்ளினேன். பெரிய பூட்டுத் தொங்கியது. கள்ளருக்குப் பயந்து போட்ட பூட்டை, என்னைக் கள்ளனாக வரச் சொன்னவர் திறந்துவைக்க மறந்திருந்தார்.

"அண்ணை! படலை பூட்டிக் கிடக்கு!"

பதில் இல்லை. பிறகு உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. அது ஒத்திகைக் குரல் அல்ல.

"தம்பி! ஓடி வா! இவர் விழுந்திட்டார்!"

நான் படலையைப் பிடித்து உலுக்கினேன். பின்னால் ஓர் ஓட்டோ வந்து நின்றது.

"ஆரடா நீ?" என்றான் ஓட்டோக்காரன்.

"நான் கள்ளனில்லை. பக்கத்து வீடு!"

"பக்கத்து வீட்டுக்காரன் ஏன் முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறாய்?"

நியாயமான கேள்விதான். நின்று பதில் சொல்ல நேரமில்லை. வந்த வழியே ஓடினேன். "கள்ளன்! கள்ளன்!" என்று அவன் என் பின்னால் ஓடிவந்தான். என் வளவுக்குள் புகுந்து, கதிரையை மதிலோடு போட்டு, கண்ணாடி இல்லாத அந்தச் சிறிய இடத்தில் கையை ஊன்றித் தாவினேன். தராசருடைய சீமெந்துக் கல்லின் மேல் போய் விழுந்தேன். எனக்குப் பின்னால் குதித்த ஓட்டோக்காரன் என் சேட்டின் கழுத்தைப் பிடித்தான், பிடித்தபடியே முன்னால் பார்த்தான், விட்டுவிட்டான்.

மாட்டுக்கொட்டில் தூணில் சாய்ந்தபடி தராசர் வியர்த்துக் கிடந்தார். அக்கா பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, ஒரு கையால் அவருடைய தலையைத் தாங்கியிருந்தார். மறு கையில் மருந்துப் போத்தல். மூடி கழன்றிருந்தது.

"நாக்குக்குக் கீழை குளிசை வைச்சிட்டன்," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

தராசரின் சாரக்கட்டில் பத்திரமாக இருந்த திறப்பை எடுத்துப் படலைப் பூட்டைத் திறந்து, அவரை ஓட்டோவில் ஏற்றிச் சந்தியடி டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார். இந்த முறை தப்பியது, கொழும்புப் பயணத்தை மட்டும் இனித் தள்ளக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீடு வந்து சாய்கதிரையில் இருத்தியதும் அவர் முதலில் கேட்டது: "இவவின்ரை கை எதுக்குப் போனது?"

"ரெண்டுக்கும் போகேல்லை," என்றார் அக்கா. "மருந்துப் போத்தலுக்குப் போனது." போத்தலை மூடி வைத்துவிட்டு என்னைக் காட்டிச் சொன்னார்: "நான் கத்தினது உவனுக்குக் கேட்டது. கேட்டும் என்ன? ஊரெல்லாம் சுத்தி, கள்ளன் எண்டு துரத்துப்பட்டு, மதில் ஏறிக் குதிச்செல்லோ வந்தவன். எனக்குத் துவக்கு வேண்டாம். உந்த மதிலிலை ஒரு பொட்டு வையுங்கோ. நான் கூப்பிட்டால் தம்பி வருவான். நீங்கள் கொழும்புக்குப் போட்டு வாங்கோ."

தராசர் கண்ணை மூடினார்.

"கிணத்தடியிலையோ, மாட்டுக்கொட்டிலடியிலையோ?"

அக்கா எழும்பினார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மதிலடிக்கு நடந்தார். தராசர் வழக்கமாக நின்று கதைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி அடையாளம் போட்டார்.

"இதிலை."

எனக்குத் தெரிய, அந்த வீட்டில் நிறுத்துப் பார்க்காமல் எடுத்த முதல் முடிவு அது.

புதன்கிழமை விடிந்ததும் நான் பூ ஆயவில்லை, சவரமும் செய்யவில்லை. இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன். ஓய்வெடுக்கச் சொல்லியிருந்த தலை அதற்கிடையில் எனக்கு மேலே எழும்பியிருந்தது.

"மெல்ல, தம்பி. அலவாங்கை விடச் சம்மட்டி நல்லதோ எண்டு யோசிச்சனியோ?"

நான் யோசிக்காமல் இடித்தேன். நாலாவது இடியில் அடிவரிசையிலிருந்து ஒரு கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. குனிந்து பார்த்தேன். ஓட்டைக்குள்ளால் அவருடைய சீமெந்துக் கல் தெரிந்தது. அதன்மேல் இரண்டு கால்கள். குதிக்கால் இரண்டும் மேலே எழும்பி, பெருவிரல் நுனியில் நடுங்கிக்கொண்டு நின்றன. அந்தக் கல் அவருக்கு உயரம் போதாது. ஐந்து வருடமாக அப்படி எட்டி நின்றுதான் என்னோடு கதைத்திருக்கிறார்.

அலவாங்கைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, கல்லாலை இறங்கி நிலத்திலை இருங்கோ. நானும் இருக்கிறன். இதுக்குள்ளாலை கதைப்பம்."