சம்பள உயர்வை எதிர்த்த அப்ரண்டீஸ் பாய்

உலகத்திலேயே, தனக்குச் சம்பளம் கூடக் கூடாது என்று லேபர் இன்ஸ்பெக்டரிடம் மல்லுக்கு நின்ற ஒரே தொழிலாளி எங்கள் அப்ரண்டீஸ் பாய்தான்.

ஐம்பதுகளில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் குமாஸ்தா. வேலைக்குச் சேருகிற எல்லோரையும் அப்ரண்டீஸ், அதாவது வேலை பழகுகிறவர் என்றே வைத்திருப்பார் முதலாளி. பழகி முடித்தால் முழுக் கூலி கொடுக்க வேண்டுமே, அதனால் அங்கே யாரும் பழகி முடிப்பதே இல்லை. பாய்க்குத் தாடி நரைத்துவிட்டது, இன்னும் பழகிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் முதலாளியைக் கரித்துக் கொட்டினார்கள். பாய்க்கோ பெருமை பிடிபடவில்லை. இங்கிலீஷ் பட்டம் அல்லவா? மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் 'அப்ரண்டீஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டார். மேல்விஷாரத்துச் சம்பந்தி மிரண்டுபோய், கேட்க வந்த சீரைக்கூடக் கேட்காமல் திரும்பினார்.

தோல் ஷாப்புகளுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று சட்டம் வந்தது. விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜர் பாயைத்தான் முன்னால் தள்ளினார்.

"இங்க எல்லாருமே வேலை கத்துக்கிறவங்க சார். பாயையே கேளுங்க."

"ஆமா சார், நான் அப்ரண்டீஸ்" என்றார் பாய், நெஞ்சை நிமிர்த்தி.

"எவ்வளவு காலமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து. இப்ப பேரன் இருக்கான் சார்."

இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "முழு வேலை செய்யறீங்க. முழுக் கூலி உங்க உரிமைங்க."

"கூலி கம்மியா இருந்தா பரவால்ல சார். பட்டத்துல மட்டும் கைய வெக்காதீங்க."

சுற்றி நின்றவர்கள் முகம் செத்துப்போனது. பாய் வாயில்தான் அத்தனை பேர் கூலியும் இருந்தது. மேனேஜருக்கோ தலைகால் புரியவில்லை. "இவங்கள்ல ஒருத்தனுக்கும் தோல ஒழுங்கா சீவத் தெரியாது சார்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்.

பாய் சட்டென்று திரும்பினார். "இன்னா மேனேஜர் சார், இப்படிச் சொல்லிட்டீங்க? அத்தினி பேருக்கும் நான் சொல்லிக் குடுத்த வேலை. எல்லாம் நல்லா கத்துக்கினாங்க."

"அப்போ இவங்க அப்ரண்டீஸ் இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாய் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல சார்." பிறகு, "நானும் இல்ல" என்றார்.

எல்லோருக்கும் முழுக் கூலி வந்தது. மறுநாள் காலை, எதையோ பறிகொடுத்தவர் போல பாய் கேட்டுக்குள் நுழைந்தார். உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள். "சலாம் உஸ்தாத்." வேலை சொல்லிக்கொடுத்த குருவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பாய் பின்னால் திரும்பி, யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

"உங்களத்தான் பாய்" என்றேன். அதைச் சொன்னவன் நானாக இருந்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.