மேலே போகும் முந்நூறு கிராம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். கீழே நீங்களும் மேலே என் மகளும் நலமாக இருக்க வேண்டும்.

விண்வெளி நிலையத்தில் இருக்கும் மகளுக்கு வீட்டிலிருந்து முந்நூறு கிராம் வரை இலவசமாக அனுப்பலாம், அதற்கு மேல் போனால் கட்டணம் என்று உங்கள் ராக்கெட் கம்பெனியின் படிவம் வந்தது. கிலோவுக்குப் போட்டிருந்த தொகையில் ஒரு வீட்டை வாங்கி வாசலில் காரும் நிறுத்தலாம். தூரம் நானூறு கிலோமீட்டர்தானே? நான் முப்பத்திரண்டு வருடம் எடை போட்ட பார்சல் ஆபீசில் அந்தத் தூரத்துக்கு இரண்டாம் படிக் கட்டணம், சில ரூபாய்தான். போதாக்குறைக்கு, மேலே போனதும் எதற்கும் எடையே கிடையாதாம். யாரிடம் போய்ச் சொல்ல.

உங்கள் மாமியார் பின்னிய ஸ்வெட்டர், குடும்பப் புகைப்படம், என் கடிதம் மூன்றையும் வைத்தால் தராசு நானூறு காட்டியது. முதலில் படத்தின் சட்டத்தைக் கழற்றினோம், பிறகு ஓரத்தை வெட்டினோம். ஓரத்தில் நின்றிருந்த என் மைத்துனர் அதோடு போனார், இப்போது வீட்டுப் பக்கமே வருவதில்லை. ஸ்வெட்டரில் பொத்தான்கள், காலர், கடைசியில் இரண்டு கைகளும் போயின. "பொண்ணுக்கு அனுப்புறீங்களா, இல்ல எடைக்குப் போடுறீங்களா?" என்று உங்கள் மாமியார் கேட்டாள். அப்படியும் இருபது கிராம் கூடுதல். என் கடிதத்தை வெளியே எடுத்துவிட்டேன். நாலு தாள். "போகாதே" என்று சண்டை போட்டு, வழியனுப்பக்கூடப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டவன் எழுதியது. அது அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். ஆனால் விதி விதிதான். நேரில் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பார்சல் சரியாக முந்நூறு கிராம். பார்த்து ஏற்றிவிடுங்கள். சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் ஒரே தரையில் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ள எடை எதையும் நம்ப வேண்டாம். பார்சலை ஒட்டும் நேரத்தில் உங்கள் மாமியார் வந்து, "பால் காய்ச்சணும், என் பாத்திரத்தக் குடுங்க" என்றாள். ஸ்வெட்டர் தராசிலிருந்து சரிகிறதே என்று எல்லாவற்றையும் அந்தப் பாத்திரத்தில் வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன். பாத்திரம் நூற்றிருபது கிராம். அதைக் கழிக்கவே இல்லை. முப்பத்திரண்டு வருடச் சர்வீஸ். தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதீர்கள். ஸ்வெட்டரின் கைகளை ஊசி நூலோடு உள்ளே வைத்திருக்கிறேன். "கடிதத்துக்கு இப்ப என்ன சாக்கு?" என்று உங்கள் மாமியார் பக்கத்திலேயே நின்றாள். எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். மூன்றரைத் தாளுக்கு, நான் சொன்னதுதான் சரி என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டேன். மீதி அரைத் தாளைப் பார்சலில் வைத்திருக்கிறேன். மூன்று கிராம்கூட வரவில்லை.