மூச்சிழுத்த இடத்தில் ஒரு வரி

ஆல்வ்னெஸ்
மார்ச் 11

அன்புத் தம்பி சிக்வர்டுக்கு,

உன் அக்கா மாய்வோரின் அன்பும் ஆசியும். இங்கே நானும் பூனையும் கூரைமேல் கிடக்கும் ஒன்றரை அடிப் பனியும் சுகம். கோத்தன்பர்க் மழையில் நீயும் உன் வீட்டுக்காரி பெரித்தும் ஊறிப்போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரித் பின்னியவை என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவளுக்கு என் நன்றியைச் சொல், எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாதே. ஆற்றுப் பனி எந்த நாளில் உடையும் என்று ஊரார் வழக்கம்போலச் சீட்டில் எழுதிக் கடைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரியாகச் சொன்னவருக்கு ஒரு முழு சால்மன் மீன். நான் மே ஒன்பது என்று போட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு போனில் நீ, "அக்கா, ஸ்கேன்ல என்ன வந்துச்சு, நான் கிளம்பி வரணுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று அதட்டினாய். நம் வீட்டில் ஒரே வார்த்தையில் பதில் சொன்னவர் அப்பா ஒருவர்தான், அந்த வார்த்தையும் எப்போதும் "முடியாது" என்பதுதான். அதனால் நான் விவரமாகவே சொல்கிறேன். கையால் எழுதவில்லை. முப்பத்தோரு வருஷம் மருத்துவமனையில் டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் காதில் வாங்கித் தட்டித் தட்டி என் வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது உனக்குத் தெரியும். என் பழைய அறையில் இப்போது தனியாக உட்கார்ந்திருக்கும் அன்னெலி, போன வாரம் என் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். நான் பேசுகிறேன், அது எழுதுகிறது. என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டதே, அதே மென்பொருள்தான். பிடுங்கியவனையே வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுப்பதுபோல இருக்கிறது.

அதைப் பற்றிச் சொன்னால்தான் ஸ்கேன் விஷயம் புரியும், பொறுமையாகக் கேள். டாக்டர் ஹோல்கரை உனக்குத் தெரியும், நம் ஊர்க்காரர், நம் ஊர் வாய். நாற்பது வருஷமாகத் தெற்கே இருக்கும் நீ மறந்திருப்பாய், இங்கே யாரும் ஆமாம் என்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்போம், அதுதான் ஆமாம். ஹோல்கருக்கு அதில் இரண்டு வகை. குட்டி மூச்சு என்றால் ஆமாம். நீள மூச்சு என்றால், சொல்ல வேண்டியது இருக்கிறது, சொல்ல வாய் வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மரம் வெட்டும் ஒருவருடைய குறிப்பைப் பதிந்துகொண்டே வந்தவர், கடைசியில் நீளமாக மூச்சிழுத்தார், அப்புறம் ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை, ஒலிநாடா மட்டும் ஓடியது. அந்த மனிதரின் வீட்டுக்குப் போகும் கடிதம் அது. பாதியில் நிற்கும் கடிதத்தை எப்படி அனுப்புவது? நானாக ஒரு வரியைத் தட்டினேன்: "வசந்தத்தில், ஆற்றுப் பனி உடைந்த பிறகு, சாவகாசமாக வந்து காட்டினால் போதும்." ஹோல்கர் படித்தார், கையெழுத்துப் போட்டார், மறுநாள் என் கதவருகே வந்து நின்றார்.

"அந்தக் கடைசி வரி" என்றார்.

"எடுத்துடவா?" என்றேன்.

குட்டி மூச்சு ஒன்றை இழுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷம், அவர் நீளமாக மூச்சிழுத்த இடத்திலெல்லாம் நான் அந்த வரியைத் தட்டினேன். எத்தனை பேருக்கு என்று கேட்காதே. அவர்களில் யாரும் வசந்தத்தில் வந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று பச்சை கேக் வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள் அல்லவா, அப்போதே அந்த மென்பொருளுக்கு எங்கள் வட்டார மூச்சையும் பேச்சையும் பழக்க வேண்டும் என்று, ஹோல்கரின் பழைய ஒலிநாடா அத்தனையையும் கூடவே நான் தட்டிய தாள் அத்தனையையும் அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து என்று அது படித்துக்கொண்டது. சத்தமே இல்லாத இடத்துக்கு என்ன எழுத்து என்பதையும் நல்ல பிள்ளையாகப் படித்துக்கொண்டது. அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் ஆரம்பித்தது. கால் கட்டைவிரல் சுளுக்கி வந்த அஞ்சல்காரருக்கு, வசந்தத்தில் பனி உடைந்ததும் வந்து காட்டும்படி கடிதம் போயிற்று. மனிதர் ஏழு மாதம் நொண்ட வேண்டுமா என்று சண்டைக்கு வந்துவிட்டார். ஒரு புது டாக்டரம்மா பேசிக்கொண்டே இருக்கும்போது தும்மல் வருமா வராதா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்த இடைவெளியில் அது தன் வரியை எழுதிவிட்டது. பிறகு ஒரு பாட்டியின் இறப்புக் குறிப்பு. இறந்த நேரம், காரணம், கீழே, ஆற்றுப் பனி உடைந்த பிறகு சாவகாசமாக வந்து காட்டினால் போதும். அதைப் பாட்டியின் மகன் படித்துவிட்டு, "எங்க அம்மா வருவாங்களா?" என்று ஒரே கேள்வியைப் போனில் கேட்டாராம். ஒருநாள் காலியான பரிசோதனை அறையில் யாரோ ஒலிப்பதிவை அணைக்க மறந்துவிட்டார்கள். மதியம் போய்ப் பார்த்தால் நான்கு பக்கம். நான்கு பக்கமும் அதே வரி, ஆளில்லாத நாற்காலிக்கு.

அன்னெலி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். "மாய்வோர், இது அப்படியே நீங்க எழுதின மாதிரி இருக்கு, வந்து பாருங்களேன்" என்றாள். போனேன். மத்தியான வெளிச்சம், ஜன்னலுக்கு வெளியே பனியை வாரிக்கொண்டிருந்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒலிவாங்கி முன்னால் பேசாமல் இருந்தேன். என்ன ஆகிறது பார்ப்போம் என்றுதான். திரையில் அந்த வரி ஒவ்வொரு எழுத்தாக வந்தது. வசந்தத்தில் என்ற வார்த்தைக்குப் பின் ஒரு நொடி நின்றது. நானும் அங்கேதான் நிற்பேன், மணிக்கட்டை உதறிக்கொள்வதற்காக. அதற்கு ஏது மணிக்கட்டு?

"யாரை வரச் சொல்ற?" என்று கேட்டேன்.

அது, யாரை வரச் சொல்ற, என்று எழுதிக்கொண்டது. நான் வாயை மூடினேன். அடியில் மறுபடி அந்த வரி வந்தது.

"இதைத்தான் உங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் போடணும்னு கேக்குறீங்களா?" என்றாள் அன்னெலி.

"கை வலிக்குதே, என்ன செய்ய? நான்தான் நிறுத்தாம பேசுவேனே" என்றேன். அது உண்மை, நீயே சாட்சி.

இப்போது என் விஷயம். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஹோல்கரே பார்த்துக் குறிப்பைப் பதிந்தார். இங்கெல்லாம் டாக்டர் நம்மிடம் சொல்வதற்கு முன்பே குறிப்பு கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. நேற்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். கல்லீரல், அளவு, நிழல் என்று பன்னிரண்டு வரி, முப்பத்தோரு வருஷம் தட்டிய வார்த்தைகள் என்பதால் எல்லாம் புரிந்தது. பதின்மூன்றாவது வரி, வசந்தத்தில், ஆற்றுப் பனி உடைந்த பிறகு, சாவகாசமாக வந்து காட்டினால் போதும். நீ உடனே ஏதாவது கற்பனை செய்வாய், எனக்குத் தெரியும். ஹோல்கரே அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம் அல்லவா? முப்பது வருஷம் தன் கையெழுத்துக்கு மேலே படித்த வரி, அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்காதா? ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று அன்னெலி கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆகவே தம்பி, குறிப்பில் இருப்பது நல்ல சேதிதான். உனக்கு ஒரு கவலையும் வேண்டாம். நீ இப்போது வரத் தேவையில்லை. எடுத்த டிக்கெட்படியே பெரித்தோடு கேனரித் தீவுக்குப் போய் வெயிலில் படுத்துக்கொள். வசந்தத்தில், ஆற்றுப் பனி உடைந்த பிறகு, சாவகாசமாக வந்தால் போதும்.

பெரித்துக்கு என் அன்பு, உன் முழங்கால் வலிக்கு என் அனுதாபம். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா
மாய்வோர்

பி.கு.: இது பேனாவால் எழுதுவது, எழுத்து கோணலாக இருக்கும். இன்று காலை ஹோல்கர் போன் செய்தார். "மாய்வோர்" என்றார். அப்புறம் நீள மூச்சு. நான் காத்திருந்தேன், அவரும் காத்திருந்தார், அதற்குமேல் எழுதிக்கொடுக்க இந்த முறை யாரும் இல்லை. வைத்துவிட்டோம். பிறகுதான் இந்தக் கடிதத்தை அச்சிட்டுப் படித்தேன். "குறிப்பில் இருப்பது நல்ல சேதிதான்" என்பது வரைக்கும் நான் சொன்னது. அதற்குக் கீழே நான்கு வரி இருக்கிறதே, உனக்குக் கவலை வேண்டாம், வரத் தேவையில்லை என்று, அதை நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் என்னால் பேச முடியவில்லை சிக்வர்ட், மூச்சைத்தான் இழுத்தேன். நான் தட்டியிருந்தாலும் அப்படியேதான் தட்டியிருப்பேன், குறை சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கிளம்பி வா. மே ஒன்பது வரை காத்திருக்காதே.