நாலு கெல்வினுக்குக் காவல் இருந்தவர்

காஞ்சிபுரத்து மே மாத வெயிலைப் பற்றி ஒரு தடவைகூடப் புலம்பாத மனிதர், எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். நாங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உயிரை விட்டுக்கொண்டிருப்போம். அவர் சாவதானமாக, "இன்னிக்கு முன்னூத்திப் பதினாலுதான்மா" என்பார். நம்முடைய நாற்பத்தொரு டிகிரிதான் அது; அவர் போடுவது கெல்வின் கணக்கு. குளிரை அதன் அடிமட்டத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருகிற கணக்கு அது. அதனால் அவருக்குப் பெயரே கெல்வின் என்று ஆகிவிட்டது.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் பதிவு மேஜையில் இருந்தேன். அவர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். பரம்பரையாகப் பட்டு நெய்கிற சைவக் குடும்பம், நெற்றி நிறைய விபூதி. பெயரை மட்டும் கேள்விப்பட்டு, கிறிஸ்தவர் என்று நினைத்து, முசரவாக்கம் சர்ச்சிலிருந்து கிறிஸ்துமஸுக்கு கேக் வரும். ஒரு வார்த்தை மறுக்காமல் வாங்கி, எங்களுக்குக் கொஞ்சம்கூடக் கொடுக்காமல் சாப்பிடுவார்.

ஒருமுறை அவர் பையனுக்குக் காய்ச்சல். டாக்டருக்கு போன் போட்டு, "முன்னூத்திப் பன்னெண்டு இருக்குதுங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்கள். சர்க்கரை என்று நினைத்துவிட்டார் டாக்டர்.

அவர் உயிர் முழுக்க அந்த மெஷினில்தான் இருந்தது. அதற்குள் ஒரு பெரிய காந்தச் சுருள், திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும். நாலு கெல்வின் குளிர், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது டிகிரி. அந்தக் குளிரில் ஒருமுறை ஏற்றிய மின்சாரம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்குமாம். காந்தத்துக்கு ராத்திரி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹீலியம் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவார். பிறகுதான் எங்களுக்கு வணக்கம்.

குளிரூட்டும் கம்ப்ரெஸர் கரண்ட் போனால் நின்றுவிடும். மச்சினன் கல்யாணத்தில், சின்ன காஞ்சிபுரத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மின்விசிறி நின்றது. சாம்பார் சாதத்தோடு இலையை விட்டு எழுந்து, ஜெனரேட்டரைப் போட சென்டருக்கு ஓடிவிட்டார். மாமியார் வீட்டில் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. "பேசலன்னா போறாங்கமா. நான் ஓடி வரலன்னா ஹீலியம் அரை பர்சென்ட் கொறஞ்சிருக்கும்" என்றார்.

காஸ் மீட்டர் என்று காந்தத்தை அளக்கும் கருவி ஒன்று அவர் கையிலேயே இருக்கும். காந்தம் எந்த இடத்தில் ஐந்து காஸாகக் குறைகிறதோ, அங்கே மஞ்சள் கோடு போட்டிருந்தார். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதைத் தாண்டக் கூடாது. தாண்டப்போன ஒரு கவுன்சிலர், "நான் யாருன்னு தெரியுமா?" என்று எகிறினார். "எனக்குத் தெரியுங்க. காந்தத்துக்குத் தெரியாதுங்க" என்றார் இவர்.

காந்தம் சூடேறி, ஹீலியம் மொத்தமும் ஒரு நிமிஷத்தில் கொதித்துக் கூரைக் குழாய் வழியாகப் போய்விடுவதற்கு குவென்ச் என்று பெயர். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்ல மாட்டார். "அது" என்பார். காந்தத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் வேண்டுமென்றே "அது"வை வரவழைக்கச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. பழைய மெஷின், இனிமேல் ஹீலியம் நிரப்பப் போவதில்லை, ஒருமுறை போனால் காயலான் கடைக்குத்தான் என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். அந்தப் பொத்தானை ஒட்டடை அடிக்கக்கூட அவர் யாரையும் விட்டதில்லை.

அவருக்கு ஒரு விதி உண்டு. உள்ளே போகிறவரை இரண்டு தடவை, இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வலிப்புக்காரப் பிள்ளையின் தாய் எப்போதும் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தாவது வைத்திருப்பாள். "இரும்பு எதுனா இருக்குதாமா?" என்றால் இல்லை என்றுதான் சொல்வாள். அவளுக்கு அது இரும்பு இல்லை, மருந்து. அதனால் இவர் அடுத்ததாக, "புள்ளைக்கு வலிப்பு வந்தா கையில இன்னாமா குடுப்ப?" என்பார். உடனே இடுப்பிலிருந்து எடுத்து, "இதைத்தான்ணா" என்று நீட்டுவாள். அவருடைய தட்டில் எந்நேரமும் நாலு சாவிக்கொத்து கிடக்கும்.

அன்றைக்குக் கூட்டம். அவர் மாடியில், கம்ப்ரெஸருக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிப்பு வருகிற ஏழு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். உடம்பில், மடியில் இரும்பு உண்டா என்று கேட்கிற படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று நானே டிக் போட்டு, என் கையெழுத்தையும் போட்டேன். அவர் இறங்கி வந்து கேட்டார்.

"ரெண்டு தடவையும் கேட்டியாமா?"

"கேட்டுட்டேன்ணா."

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நம்பிவிட்டார்.

உள்ளே மெஷினில் படுத்திருந்த குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட அந்தத் தாய் குனிந்தாள். மடியில் கட்டியிருந்த கனமான பாக்குவெட்டி புடவையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. பிடிக்கப் போன அவள் விரல்கள் அதற்கும் மெஷினுக்கும் நடுவில் நசுங்கின. கெல்வின் அண்ணன் காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை. விரல் நீலமாகிக்கொண்டிருந்தது. அவர் அந்த மெஷினை ஒரு தடவை பார்த்தார். பிறகு போய்ப் பொத்தானை அழுத்தினார்.

கட்டடமே உறுமியது. கூரைக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் பாய்லர் வெடித்தது என்று கிளாஸோடு ஓடினார்கள். ஒரு நிமிஷத்துக்குள் பாக்குவெட்டி டொக்கென்று கீழே விழுந்தது. இரண்டு விரலில் எலும்பு முறிவு, ஆனால் கை பிழைத்தது.

முதலாளி வந்து கத்தினார். "யார்யா அந்தம்மாவக் கேக்காம உள்ள விட்டது?"

"நான்தான் சார். மறந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே கெல்வின் அண்ணன், நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை என் மேஜையிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் நின்றேன். நாக்கு இருந்தது, அசைக்கவில்லை.

வேலை போன பிறகும் ஒரு வாரம் வந்தார். மெஷின் மேல் கை வைத்து உட்கார்ந்திருப்பார். "முன்னூத்தி மூணு. நம்மள மாதிரி ஆயிடுச்சுமா" என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். "அழாத. காந்தமே பூட்ச்சு, இனிமே எனக்கு இங்க இன்னா வேலை? உனக்கு வீடு இருக்குது, புள்ள இருக்குது" என்றார். லாரி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போன நாளில் மட்டும் அவர் வரவில்லை.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தாயும் மகளோடு வந்திருந்தாள். "மறதிக்காரரா இருந்தாலும் நல்ல மனுசன்மா" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை.

"அவரு மறக்கலமா. உன்னைக் கேக்காதது நான். கேட்டுட்டேன்னு அவருகிட்ட சொன்னதும் நான்தான்" என்றேன்.

 அவள் மடங்காத அந்த விரல்களோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கேட்டிருந்தாலும் இல்லன்னுதான்மா சொல்லியிருப்பேன்" என்றாள்.

என்னை ஆற்றுவதற்காகச் சொன்னாள். ஆனால் இரண்டாவது கேள்வியை அவர் கேட்டிருந்தால் எடுத்து நீட்டியிருப்பாள். எல்லோரும் நீட்டினார்கள். அந்த அண்ணன் கேட்டும் உண்மையை எடுத்து நீட்டாதவள் நான் ஒருத்திதான்.